பட்டைச் சக்கரங்களில் அப்பும் ஈரச் சேறு

கன்னிப்பூ நெல் அறுவடைக்கு வரும் காலம் புரட்டாசி. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து ஏலாக்களில் அப்பொழுது தென்மேற்குப் பருவமழை முற்றிலும் ஓய்ந்திராது. ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். இந்த இரு மழைகளுக்கும் இடையில் கிடைக்கும் சில வெயில் நாட்களுக்குள் கதிர் அறுக்கப்பட்டாக வேண்டும். சாய்ந்த நெல் ஈரத்தில் கிடந்தால் கதிரிலேயே முளைவிடும். அறுவடைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில், ரப்பர்ப் பட்டைகளின் மேல் ஊர்ந்து செல்லும் அறுவடை இயந்திரத்தையே உழவர்கள் நம்பியிருக்கின்றனர். ஓட்டுநர்கள் இதனைப் பெல்ட் வண்டி என்பர். சாதாரண டயர் வண்டி இறங்க முடியாத ஈர வயலிலும் இது இறங்கும். ஆனால் இதற்கும் ஒரு பகை உண்டு. பட்டைக்கும் அதனைச் சுழற்றும் பற்சக்கரத்துக்கும் இடையே சேறு அப்பிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடுகிறது.

இந்தத் தொல்லை சேற்று வயலுக்கு மட்டும் உரியதன்று. இமயமலையிலும் துருவப் பகுதிகளிலும் வெண்பனியின் மேல் ஓடும் பட்டை வண்டிகளை ஈரப்பனி இதே முறையில் நிறுத்துகிறது. பாறசாலை உழவர் வெண்பனியைக் கண்டிருக்கமாட்டார். பனிவண்டி ஓட்டுபவர் ஏலாவைக் கண்டிருக்கமாட்டார். எனினும் இருவரையும் வருத்தும் பௌதிக விதி ஒன்றே. மிக உலர்ந்த பொருள் ஒட்டுவதில்லை. மிக நனைந்த பொருளும் ஒட்டுவதில்லை. இரண்டுக்கும் நடுப்பட்ட ஈரமே ஒட்டுகிறது. இதனை விளங்கிக்கொண்டால், வயலை எப்பொழுது வடிப்பது, வண்டியை எப்பொழுது இறக்குவது, எப்பொழுது கழுவுவது என்னும் கேள்விகளுக்கு விடை தாமே கிடைத்துவிடும்.

ஏலாவின் இயல்பு

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் நிலம் சிறு சிறு மேடுகளும் அவற்றுக்கிடையே குறுகிய பள்ளங்களுமாக அமைந்தது. மேடுகளில் செம்பூரான் கல்லும் அதன்மேல் செம்மண்ணும். அங்கே தென்னை, ரப்பர், மரவள்ளி. பள்ளத்தில் நெல் விளையும் வயல்கள். இவற்றையே ஏலா என்கின்றனர். நடுவே ஒரு தோடு ஓடும். களியக்காவிளைக்கு அப்பால் விளவங்கோட்டுப் பகுதியிலும் நிலத்தின் வடிவும் பெயரும் இவையே. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் அன்றைய சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. எல்லைக்கோடு மண்ணின் தன்மையை மாற்றவில்லை. எல்லைக்குத் தெற்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் பருவங்களைக் கேரளத்து வேளாண் ஏடுகள் விரிப்பு, முண்டகன் என்று குறிக்கும், அவ்வளவே வேறுபாடு.

மேட்டிலிருந்து மழைநீர் அரித்துக் கொண்டுவரும் பொருள்களுள் கனத்த மணல் சரிவிலேயே தங்கிவிடுகிறது. நுண்ணிய களிமண் மட்டும் ஏலாவின் அடிக்கு வந்து சேர்கிறது. பல நூற்றாண்டுகளாகத் தழையும் தாளும் மக்கி அதனுடன் கலந்துள்ளன. மழை விட்ட பின்னும் மேட்டின் அடிவாரத்தில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரே வயலில் தோட்டை ஒட்டிய பகுதி ஒருவிதமாகவும், நடுப்பகுதி வேறுவிதமாகவும், மேட்டை ஒட்டிய ஓரம் இன்னொரு விதமாகவும் ஈரம் கொண்டிருப்பதுண்டு. வண்டி ஒரு முனையில் நன்றாக ஓடி மறுமுனையில் அகப்பட்டுக்கொள்வதற்கு இதுவே காரணம். ஓட்டுநரின் திறமைக் குறைவு என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். பெரும்பாலும் அது நியாயமன்று.

ஒரு செய்தியையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். செம்பூரான் நிலத்துக் களிமண்ணில் மிகுந்திருப்பது கயோலினைட் என்னும் கனிமம். திருநெல்வேலி, கோவில்பட்டிக் கரிசலில் உள்ள மான்மோரில்லோனைட் போல் இது நீரை உறிஞ்சிப் பருப்பதில்லை. அதனால் ஏலாச் சேறு கரிசல் அளவுக்குப் பசைத்தன்மை உடையதன்று. கரிசலில் ஓட்டிப் பழகியவர்கள் முதலில் இதனை எளிதாக எண்ணிவிடுவதும் உண்டு. ஆனால் கரிசல் வயல் அறுவடைக் காலத்தில் பெரும்பாலும் காய்ந்திருக்கும், ஏலா காய்வதில்லை.

சேறு ஏன் ஒட்டுகிறது?

இரண்டு கண்ணாடித் தகடுகளை உலர்ந்த நிலையில் ஒன்றின்மேல் ஒன்று வைத்து எடுத்தால் எளிதில் பிரியும். நடுவே ஒரு துளி நீரை விட்டு அழுத்தினால் பிரிப்பது கடினம். இரண்டையும் நீருக்குள் மூழ்கவைத்துப் பிரித்தால் மறுபடி எளிதாகிவிடும். மெல்லிய நீர்ப்படலத்தின் ஓரங்கள் உள்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவினால் படலத்துக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று இரு தகடுகளையும் சேர்த்து அழுத்துகிறது. படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு வளைவு கூர்மை. அவ்வளவுக்குப் பிடிப்பும் வலிமை. மூழ்கிய தகடுகளுக்கு வளைந்த ஓரம் என்பதே இல்லை. ஆகவே பிடிப்பும் இல்லை.

களிமண் துகளுக்கும் இரும்புக்கும், களிமண் துகளுக்கும் ரப்பருக்கும் இடையே நிகழ்வதும் இதுதான். மண் மிக உலர்ந்திருந்தால் நீர்ப்படலம் ஆங்காங்கே மட்டும் உண்டாகும். பிடிப்புப் புள்ளிகள் சில. ஈரம் கூடக் கூடப் புள்ளிகள் பெருகுகின்றன. மண்ணும் இளகி உலோகத்தின் மேடுபள்ளங்களில் நன்றாகப் படிந்துவிடுகிறது. ஓர் அளவுக்கு மேல் ஈரம் ஏறினால் படலம் தடித்து, வளைவு தளர்ந்து, சேறு வழுக்கிவிடுகிறது.

ஒட்டுவதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. மண் தன்னோடு தான் சேர்ந்திருக்கும் வலிமை ஒன்று. மண் இரும்போடு சேர்ந்திருக்கும் வலிமை மற்றொன்று. முன்னது மிகுந்திருந்தால் கட்டி முழுதாகப் பெயர்ந்து விழும், இரும்பு துப்புரவாகிவிடும். பின்னது மிகுந்திருந்தால் மண் தனக்குள்ளேயே பிளந்து ஒரு பகுதியை இரும்பின்மேல் விட்டுச் செல்லும். அந்த முதற்படிவே பெருந்தொல்லைக்கு வித்து. ஏனெனில் பின்னர் வரும் சேறு இரும்பின்மேல் ஒட்டவேண்டியதில்லை. முன்பே இருக்கும் சேற்றின்மேல் ஒட்டினால் போதும்.

சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் அட்டர்பர்க் 1911-ஆம் ஆண்டில் களிமண்ணின் ஈர எல்லைகளை வரையறுத்தபோது, பிசையத்தக்க எல்லை, கூழாகி ஓடும் எல்லை ஆகியவற்றுடன் உலோகக் கத்தியில் மண் ஒட்டும் எல்லையையும் ஒன்றாக வைத்தார். கட்டடப் பொறியாளர்கள் முதல் இரண்டையும் இன்றும் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். மூன்றாவது ஏனோ அவ்வளவு புகழ் பெறவில்லை. ஆனால் வயலில் இயந்திரம் ஓட்டுபவருக்கு மற்ற இரண்டையும்விட அதுவே முக்கியமானது.

குயவர் இதனை ஏட்டில் படிக்காமலே அறிவார். சக்கரத்தில் மண்ணைத் தூக்கும்போது அவர் கையை அடிக்கடி நீரில் நனைத்துக்கொள்கிறார். மண் முழுவதையும் இளக்குவது அவர் நோக்கமன்று. கைக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு படலத்தை மட்டும் தடிப்பாக்கிக்கொள்கிறார். கொழுக்கட்டை பிடிக்கும் கையும் இதையே செய்கிறது.

ஈரப்பனியின் கதை

வெண்பனியை அதிலுள்ள திரவ நீரின் அளவுகொண்டு உலகெங்கும் வகைப்படுத்துகின்றனர். நீரே இல்லாதது உலர்பனி. கனஅளவில் நூற்றுக்கு 3 பங்குக்கு உட்பட்ட நீர் இருந்தால் சற்று ஈரமானது. 3 முதல் 8 வரை ஈரப்பனி. 8 முதல் 15 வரை மிக ஈரமானது. அதற்கு மேற்பட்டது குழம்புப் பனி. உலர்பனியைக் கையில் அள்ளினால் மணல்போல் உதிரும். உருண்டை பிடிக்க இயலாது. ஈரப்பனி நன்றாக உருண்டை பிடிக்கும். உருண்டை பிடிக்கத்தக்க பனி பட்டைச் சக்கரத்திலும் பிடித்துக்கொள்ளும் என்று கொள்ளலாம். ஏலாச் சேற்றுக்கும் இதே சோதனை ஏறக்குறையப் பொருந்துவது வியப்புக்குரியது.

இந்தியாவில் பனியின் தன்மை இடத்துக்கிடம் மாறும். மணாலி, குல்மார்க் போன்ற இமயத்தின் கீழ்வரிசைப் பகுதிகளில் உஷ்ணநிலை உறைநிலையை ஒட்டியே இருப்பதால் பனி மிகுதியாகவும் ஈரமாகவும் விழுகிறது. காரகோரம் பகுதியில் குளிர் கடுமை, பனி உலர்ந்தது. இவற்றை ஆராய்வதற்கென 1969-ஆம் ஆண்டில் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. 2020-இல் அது பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் வேறொரு நிலையத்துடன் இணைக்கப்பட்டது.

பனிக்கு ஒரு கூடுதல் கேடு உண்டு. பட்டைக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே அது அழுத்தப்படும்போது நீர் பிழிந்து வெளிவருகிறது. மாலையில் வண்டி நின்று உலோகம் குளிர்ந்தவுடன் அந்நீர் உறைந்து கெட்டிப் பனிக்கட்டியாகிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் டைகர், பாந்தர் டாங்கிகளில் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நெருக்கமாக அமைக்கப்பட்டிருந்தன. பாரத்தைப் பரப்புவதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் ருஷ்யப் போர்முனையில் பகலில் அந்த இடுக்குகளில் நிறைந்த சேறும் பனியும் இரவில் உறைந்து, காலையில் டாங்கியை அசையவிடாமல் செய்துவிட்டன. பிற்காலத்துப் பனிவண்டிகளில் இதற்கு நேர்மாறான வழியைக் காண்கிறோம். ரப்பர் வார்களின்மேல் உலோகக் குறுக்குச் சட்டங்களைப் பொருத்தி, நடுவே திறந்த வெளி விடப்படுகிறது. உள்ளே புகும் பனி தானே வெளியே பிதுங்கி விழ அது இடம் தருகிறது.

உழவு வண்டியும் பனிவண்டியும் உறவு கொண்டாடிய நிகழ்ச்சி ஒன்றும் வரலாற்றில் உண்டு. 1957-58-இல் தென்துருவக் கண்டத்தைத் தரைவழியே கடந்த காமன்வெல்த் குழுவின் ஒரு பிரிவுக்கு எட்மண்ட் ஹிலாரி தலைமை தாங்கினார். அவர் 1958 ஜனவரி 4-ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது, வயலில் உழுவதற்கென உருவாக்கப்பட்ட பெர்குசன் டிராக்டர்களில்! சக்கரங்களைச் சுற்றிப் பட்டை மாட்டியதே அவற்றில் செய்த பெரிய மாறுதல். துருவப் பீடபூமியின் பனி உலர்ந்தது. ஆகவே அவ்வண்டிகளுக்கு நேர்ந்த தொல்லை பனி ஒட்டுவதன்று, பிடிப்பின்றிப் புதைவதே.

வண்டிக்குள் நிகழ்வது

பட்டையின் பயன் பாரத்தைப் பரப்புவது. 3,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டிக்கு 45 சென்டிமீட்டர் அகலமுள்ள இரு பட்டைகள், ஒவ்வொன்றும் 150 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தரையில் படிகின்றன என்று கொள்வோம். தரையில் படியும் பரப்பு 13,500 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் விழும் பாரம் 0.22 கிலோ. 60 கிலோ எடையுள்ள மனிதர் ஒற்றைக்கால் ஊன்றி நிற்கையில், பாதத்தின் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் எனின், விழும் பாரம் 0.4 கிலோ. ஆகவே மூன்று டன் வண்டி மனிதக் காலைவிட மென்மையாக நிலத்தை மிதிக்கிறது. வயலில் நடந்து பார்த்து, கால் எங்கே கணுக்கால் வரை புதைகிறது, எங்கே புதையவில்லை என்று குறித்துக்கொள்ளும் பழைய வழக்கம் இதனாலேயே பயனுள்ளதாக இருக்கிறது. கால் தாங்கிய இடம் பொதுவாக வண்டியையும் தாங்கும்.

ஆனால் தாங்குவது வேறு, ஒட்டாமலிருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் பிழை நேர்கிறது. நன்றாகத் தாங்கக்கூடிய, பிசைந்த மாவுப் பதத்திலுள்ள மண்ணே மிகுதியாக ஒட்டும். முழங்கால் புதையும் குழம்புச் சேறு ஒட்டுவது குறைவு. ஆனால் அதில் வண்டி முழுகும்.

அப்பிய சேறு மூன்று விதத்தில் கேடு செய்கிறது. முதலாவது எடை. ஈரக் களிமண் லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிலோ இருக்கும். பட்டைகளின் உள்ளும் சட்டத்தின் மேலுமாக 100 லிட்டர் கனஅளவு சேறு தங்கினால், மூன்று ஆட்கள் கூடுதலாக ஏறிக்கொண்டதற்கு ஒப்பாகும். இது பெரிதன்று. பெரிய கேடு பற்சக்கரத்தில் நிகழ்கிறது. பற்களுக்கிடையேயுள்ள பள்ளங்களில் சேறு இறுகினால் பற்சக்கரத்தின் விட்டம் பெருத்தது போலாகும். பட்டையின் நீளமோ மாறாது. ஆகவே பட்டை அளவுமீறி இழுபடுகிறது. அச்சுகளின்மேலும் உருளைகளின்மேலும் பாரம் ஏறுகிறது. எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி வீணே சேற்றைப் பிசைவதில் செலவாகிறது. பல், பட்டையின் துளைக்குள் முழுவதும் இறங்காமல் சேற்றின்மேல் ஏறி நின்றால், அடுத்த திருப்பத்தில் பட்டை கழன்றுவிடும். நடுவயலில் கழன்ற பட்டையை மாட்டுவது அரைநாள் வேலை. வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை தரும் சிறு உழவருக்கு அந்த அரைநாளின் இழப்பு சிறிதன்று.

மூன்றாவது கேட்டை வைக்கோல் செய்கிறது. மண்சுவர் எழுப்பும்போது வெடிக்காமலிருக்கப் பெரியவர்கள் சேற்றில் வைக்கோல் கலந்து மிதித்தனர். அறுவடை வண்டியும் அறியாமல் அதே கலவையைத் தன் சக்கரங்களுக்குள் மிதித்து உருவாக்கிவிடுகிறது. தாளும் சேறும் சேர்ந்து அச்சைச் சுற்றிக் கயிறுபோல் முறுகி, எண்ணெய் காக்கும் ரப்பர் வளையங்களை அறுத்துவிடும். வெயிலில் காய்ந்துவிட்டாலோ அது பச்சைச் செங்கல்லுக்கு நிகர். பனிவண்டிக்கு இரவுக் குளிர் செய்வதை அறுவடை வண்டிக்கு நண்பகல் வெயில் செய்கிறது.

செய்யத் தக்கவை

எல்லாவற்றிலும் முதன்மையானது வடிகால். அறுவடைக்குப் பத்து நாட்களுக்கு முன்பே வயலில் நிற்கும் நீரை வடித்துவிடுவது நன்று. ஏலாவில் இதற்கு வாய்க்கால் மடையை அடைப்பது மட்டும் போதாது. மேட்டு ஓரத்தில் ஊறும் நீரைத் தனியே வெட்டிய ஒரு சால் வழியாகத் தோட்டுக்குத் திருப்பவேண்டும். ஒரு கண்டத்து உழவர் மட்டும் வடித்துப் பயனில்லை. மேல்கண்டத்தில் நீர் நின்றால் கீழ்க்கண்டம் காயாது. ஆகவே அறுவடை நாளை ஏலா முழுவதற்குமாகப் பேசி முடிவு செய்யும்படி களப்பணியாளர்கள் உழவர்களைக் கூட்டிச் சொல்லவேண்டும். இயந்திரத்தைப் பற்றிய எந்த அறிவுரையைவிடவும் இந்த ஒரு கூட்டம் பயன் தரும்.

வடித்த பின்னும் மழை பெய்துவிட்டால் என்ன செய்வது? மழை விட்ட உடனே இறங்குவதா, காத்திருப்பதா? ஒரு பிடி மேல்மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, ஒரு மண்வெட்டியின் இலையில் அழுத்திப் பார்க்கலாம். உருண்டை உதிர்ந்தால் இறங்கலாம். உருண்டை முழுதாகப் பெயர்ந்து வந்தால் எச்சரிக்கையுடன் இறங்கலாம். மண்ணின் ஒரு பகுதி இலையில் தங்கிவிட்டால், வெயில் இருக்குமாயின் ஒரு நாள் பொறுப்பதே மேல். வெயிலுக்கு வழியில்லை, கதிர் சாய்ந்து கிடக்கிறது என்றால், அடியில் கெட்டித் தரை ஆழத்தில் இல்லை என்று ஒரு கம்பியால் குத்திப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, மெல்லிய நீர் நிற்கும்போதே அறுத்துவிடலாம். நீர் பட்டையைக் கழுவிக்கொண்டே வரும். பாதி காய்ந்த வயலுக்கு இது எவ்வளவோ மேல். கேட்பவர்கள் முதலில் நம்பமாட்டார்கள். குயவரின் கையை நினைவூட்டினால் நம்புவார்கள்.

வண்டியை ஓரிடத்தில் நிறுத்தியபடியே ஒரு பட்டையை மட்டும் சுழற்றித் திருப்புவது சேற்றை வாரிப் பட்டைக்குள் போடுவதற்குச் சமம். சிறு கண்டங்களில் அகலமாகத் திரும்ப இடமிராது. ஆயினும் மூலைகளை முன்னதாகக் கையால் அறுத்து வைத்தால் இடம் கிடைக்கும். பட்டையின் இறுக்கத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. சேற்றில் பட்டை கழலாமலிருக்க அதனை மேலும் இறுக்க வேண்டும் என்பர். சேறு புகுந்தவுடன் பட்டை தானே இறுகும் என்பதால், முன்பே இறுக்கிய பட்டை இருமடங்கு துன்புறும். இயந்திரத்தின் கைந்நூலில் குறித்துள்ள தொய்வை, சேறு அப்பியுள்ள வேலை நிலையிலேயே அளந்து வைத்துக்கொள்வது சரியான முறை. மிகத் தளர்ந்தாலும் கழலும் என்பதையும் மறக்கலாகாது.

சேறு ஒட்டாமலிருக்கப் பழைய எஞ்சின் எண்ணெயையோ டீசலையோ பட்டையில் பூசுவாரும் உளர். இது கூடாது. பட்டையில் இயற்கை ரப்பர் கலந்திருக்கிறது. இந்த வட்டாரத்து மேடுகளில் நாள்தோறும் பாலெடுக்கப்படும் அதே ரப்பர்தான். கனிம எண்ணெய் பட்டால் அது ஊதி மென்மையாகிப் பிளந்துவிடும். எண்ணெய் வயலில் இறங்குவது வேறு கேடு. துரு ஏறிய, பெயிண்ட் உரிந்த பரப்பில் சேறு மிகுதியாகப் பிடிக்கும். உராய்ந்து பளபளப்பான பரப்பில் குறையும். ஆகவே பருவத்துக்கு முன் சட்டங்களைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்து வைப்பது அழகுக்காக மட்டுமன்று.

நண்பகலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் சேறு காய்வதற்கு முன் அகற்றவேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, அறுக்கும் முகப்பைத் தரையில் இறக்கிய பின்னரே கை வைக்கலாம். இரும்புக் கடப்பாரை ரப்பரையும் வளையங்களையும் கிழிக்கும். கூர்மையாகச் சீவிய மரக்கழியே போதும். பனிநாடுகளில் இரவில் பட்டை தரையோடு உறைந்துவிடாதிருக்க வண்டியைப் பலகைகளின்மேலோ மரக்கிளைகளின்மேலோ நிறுத்திவைப்பர். ஏலாவிலும் வரப்போரத்தில் இரண்டு தென்னந்தடிகளின்மேல் ஏற்றி நிறுத்தினால், இரவில் சேறு வடிந்து விழவும் காலையில் பட்டை எளிதில் சுழலவும் வழி ஏற்படும்.

பள்ளியில் செய்து காட்ட

ஆசிரியர்கள் இதனை எளிய கருவிகளைக்கொண்டு விளக்கலாம். ஏலாக் களிமண்ணை உலர்த்திப் பொடித்துச் சலித்து 500 கிராம் எடுத்துக்கொள்க. முதலில் 50 மில்லிலிட்டர் நீர் கலந்து பிசைந்து, தட்டையாக்கி, அதன்மேல் கொக்கி பொருத்திய ஒரு சிறு இரும்புத் தகட்டை வைத்து, அதன்மேல் ஒரு செங்கல்லை ஒரு நிமிட நேரம் ஏற்றி வைக்க. பின் செங்கல்லை எடுத்துவிட்டு, வில் தராசினால் தகட்டை மெல்ல மேலே இழுத்து, தகடு பிரியும்போது தராசு காட்டும் அளவைக் குறித்து, தகட்டின் எடையைக் கழிக்க. ஒவ்வொரு முறையும் 50 மில்லிலிட்டர் நீரைக் கூட்டி 300 மில்லிலிட்டர் வரை இதனைத் திரும்பச் செய்க. அளவுகளை வரைபடமாக்கினால் கோடு மேலேறிப் பின் இறங்கும். உச்சி எந்த ஈரத்தில் வருகிறது என்பது மண்ணுக்கு மண் வேறுபடும். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள பள்ளிகள் தத்தம் ஏலாவின் வரைபடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையாக இருக்கும்.

இன்னொரு சோதனை மாணவர்களை மிகவும் கவரும். பிசைந்த களிமண்ணில் இரண்டு இரும்புத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் செருகி, 12 வோல்ட் பாட்டரியின் இரு முனைகளுடன் இணைக்க. சில நிமிடங்களுக்குப் பின் எடுத்தால், நேர்முனைத் தகட்டில் மண் இறுகிப் பிடித்திருக்கும். எதிர்முனைத் தகடு நீர் கசிந்து வழுக்கிக்கொண்டு வெளிவரும். மின்சாரம் மண்ணுக்குள் இருக்கும் நீரை எதிர்முனையை நோக்கி இழுத்துச் செல்வதே காரணம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் கிரௌதர், ஹெய்ன்ஸ் ஆகிய இருவரும் 1924-ஆம் ஆண்டில் கலப்பையை எதிர்முனையாக்கி உழுது, இழுப்பதற்கு வேண்டும் வலிமை குறைவதைக் கண்டனர். வயலில் அது நடைமுறைக்கு வரவில்லை. தத்துவம் மட்டும் பாடநூல்களில் நிலைத்தது. சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தில் ரென் லூச்சுவான் என்பாரும் அவர் குழுவினரும் சாண வண்டின் தலையையும் உடலையும் ஆராய்ந்தனர். அதன் மேல்தோல் வழவழப்பாக இல்லாமல் நுண்ணிய குமிழ்கள் நிறைந்திருப்பதையும், அதனால் சேறு முழுவதும் படியமுடியாமல் விழுந்துவிடுவதையும் எடுத்துக்காட்டி, அம்முறையில் கலப்பைப் பரப்புகளை வடிவமைத்தனர். மாட்டுத்தொழுவத்துச் சாணத்திலிருந்து துப்புரவாக வெளிவரும் வண்டை மாணவர்கள் நேரிலேயே பார்க்கலாம்.

சேற்றுடன் பயணம் செய்வன

கேரளத்தின் நெல் நிலப்பரப்பு 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்தது. இன்று சுமார் 2 லட்சம் ஹெக்டேர் அளவில் நிற்கிறது. எஞ்சிய வயல்களைக் காப்பதற்கென 2008-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் அறுக்க முடியாத நெல்லை எந்தச் சட்டமும் களத்துக்குக் கொண்டுவராது. இரண்டு பருவங்கள் வண்டி சேற்றில் நின்றுவிட்டால், மூன்றாம் பருவத்தில் அந்தக் கண்டத்தில் வாழையோ மரவள்ளியோ நிற்கும்.

ஏலாக்கள் சிறியவை, வண்டி ஓரிடத்தில் நிலைத்திராது. அறுவடைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு வண்டிகள் லாரியில் ஏற்றி வருவதும் திரும்புவதும் வழக்கம். பட்டைக்குள் தங்கிய சேறும் உடன் பயணம் செய்கிறது. பாறசாலை வழியே களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உதிரும் ஈரக் கட்டிகள் இருசக்கர வண்டி ஓட்டுபவரை வழுக்கி வீழ்த்தக்கூடியவை. அதைவிட மறைவான ஆபத்தும் உண்டு. கேரளத்து வயல்களைப் பெரிதும் வருத்தும் வரிநெல் என்னும் களைநெல் கதிர் முற்றுவதற்கு முன்பே மணியை உதிர்த்துவிடும். உதிர்ந்த மணிகள் சேற்றுடன் அப்பிக்கொண்டு, அடுத்த வயலில், சில வேளை அடுத்த மாநிலத்தில், இறங்குகின்றன. நாற்றாக இருக்கையில் அதனை நல்ல நெல்லிலிருந்து பிரித்தறிவது கடினம். இலையுறைக் கருகல் நோயின் பூஞ்சை முடிச்சுகளும் இவ்வாறே மண்ணுடன் பரவவல்லவை.

ஆகவே வண்டியை லாரியில் ஏற்றுவதற்கு முன் கழுவுமாறு களப்பணியாளர்கள் வற்புறுத்தவேண்டும். தோட்டிலோ வாய்க்காலிலோ இறக்கிக் கழுவலாகாது. கீழ் ஏலா முழுவதற்கும் விதை போய்ச் சேரும். அறுத்த கண்டத்தின் ஒரு மூலையிலேயே, வரப்புக்கு உட்புறமாக நிறுத்தி, முதலில் மரக்கழியால் கட்டிகளைப் பெயர்த்துவிட்டுப் பின்னர் பம்பு நீரைப் பாய்ச்சலாம். நீர்த்தாரையை அச்சு முனைகளின்மேலும் ரேடியேட்டரின்மேலும் நேராகப் பாய்ச்சாமல் சாய்வாகப் பிடிக்கவேண்டும். பட்டையை இரண்டு மூன்று சுற்று மெல்ல ஓட்டி நிறுத்தி, மேலே வந்த பகுதியை மறுபடியும் கழுவினால், உருளைகளுக்கு அடியில் ஒளிந்திருந்த சேறும் வெளியே வந்துவிடும்.